சத்தம் போதும், சொல் வேண்டும்

"பேசறது கேக்குது. என்ன பேசறாங்கன்னுதான் தெரியல."

காது மங்கியவர்கள் எல்லாரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் சொல்லும் வாக்கியம் இது. சுற்றியிருப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. "மெஷின்தான் வாங்கியாச்சே, இன்னும் என்ன?" என்கிறார்கள். டிவியில் சப்டைட்டில் போடச் சொன்னால் சலித்துக்கொள்கிறார்கள். பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலியைத் திறந்து கைபேசியை எதிரில் வைத்தால், ஏதோ போலீஸ் வாக்குமூலம் வாங்குவதுபோல் பார்க்கிறார்கள். காதுக் குறை என்பது சத்தக் குறைதான், சத்தத்தைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது, அதற்கு மேல் எழுத்து கேட்பது வீண் செல்லம் என்று படித்தவர், படிக்காதவர் எல்லாரும் நம்புகிறார்கள். காது மெஷின் அணிகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நம்பிக்கை அடியோடு தவறு.

உள்காதின் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்களோடு பிறக்கிறோம். செத்த செல் மறுபடி முளைக்காது. வயதும் இரைச்சலும் முதலில் அழிப்பது கீச்சொலிகளைப் பிடிக்கும் செல்களை. பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது. த, ட, ச, ஸ போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களோ உயர்ந்த ஒலியில், அதுவும் மெலிதாக இருக்கின்றன. அதனால் ஒருவர் பேசுகிறார், கோபமாகப் பேசுகிறார் என்பதெல்லாம் தெரியும். பட்டு என்றாரா, பத்து என்றாரா என்பது தெரியாது. மெஷின் வருவதைப் பெரிதாக்கித் தரும். அதை வாங்கிப் பிரிக்க வேண்டிய செல் இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? கல்யாண மண்டபத்தில் அத்தை பேசுவதைக் கூட்டினால் கூடவே தவிலையும் கூட்டிவிடும்.

கத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கத்தும்போது பெருகுவது பெரும்பாலும் உயிரொலிதான். எங்களுக்குத் தேவையான மெய்யொலி அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. பழுதான காதுக்கு இன்னொரு கோணல் குணமும் உண்டு. மெல்லிய ஒலி எட்டாது, ஆனால் உரத்த ஒலி மற்றவர்களுக்குப் போலவே உறைக்கும். "சத்தமா சொல்லு", "ஏன் கத்தற?" என்று அடுத்தடுத்து சொல்கிற தாத்தாவைக் கேலி செய்யாத வீடு இல்லை. அவர் சொன்ன இரண்டும் உண்மை.

மருத்துவர் மாத்திரையைக் கொடுத்து, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று சொல்கிறார். ம, ப இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடும். அடுத்து வரும் உகரத்தையும் இகரத்தையும் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறு, மங்கிய காது தவறவிடும் அதே உயர் பகுதியில் இருக்கிறது. மிச்சம் இருப்பது உதடு குவிகிறதா, விரிகிறதா என்ற ஒரே தடயம். முகக்கவசம் அதையும் மூடிவிடுகிறது. உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறவர்கள், கண்ணாடி முன் நின்று இந்த இரண்டு சொல்லையும், பிறகு பணம், மணம் என்பதையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கலாம். நாங்கள் பாதி பேச்சை ஊகத்தில்தான் ஓட்டுகிறோம். ஊகம் தீர்ந்த இடத்தில் தலையாட்டுகிறோம். ரயில் கடைசி நேரத்தில் நடைமேடை மாறுவதாக ஒலிபெருக்கி சொல்லும்போது தலையாட்டிப் பயனில்லை.

எழுத்தையே பார்த்துப் பழகினால் காது சோம்பேறியாகிவிடும் என்று அக்கறையோடு சொல்கிறவர்களும் உண்டு. விஷயம் நேர்மாறு. வேண்டுமென்றே சிதைத்த பேச்சை அதன் எழுத்து வடிவத்தோடு சேர்த்துக் கேட்டவர்கள், அதே வகைச் சிதைவில் வரும் புதிய வாக்கியங்களை, எழுத்தில்லாமலே, இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். எழுத்து காதுக்குப் பயிற்சி தருகிறது. நாளெல்லாம் ஊகித்து ஊகித்து மாலையில் வரும் தலைவலியையும் குறைக்கிறது.

இயந்திரம் தப்புத் தப்பாக எழுதுகிறதே என்பார்கள். எழுதுகிறதுதான். பேச்சுத் தமிழில் பாதி ஆங்கிலம் கலந்து, இருவர் ஒரே நேரத்தில் பேசினால் செயலி திணறும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் அதன் கையில் வேறு பிறவி எடுக்கும். ஆனாலும் திரையில் தெரியும் பிழையைப் பார்த்து "இது என்ன?" என்று உடனே கேட்டுவிடலாம். என் காது செய்யும் பிழை எனக்கே தெரியாது. சரியாகக் கேட்டதாக நம்பி வீட்டுக்குப் போய்விடுவேன். இரண்டில் எது ஆபத்து?

சினிமாவுக்கு வருவோம். நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்த மௌனப்பட நாட்களில் எழுத்து அட்டைகள்தான் கதை சொல்லின. எழுத்தறிந்தவர் காது கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரே படத்தைத்தான் பார்த்தார். 1931இல் 'காளிதாஸ்' பேசியது, அட்டைகள் போயின, காது கேட்காதவர் வெளியே நின்றார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஓடிடி தளங்கள் அவரை எப்படி உள்ளே அழைத்திருக்கின்றன? பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு ஆங்கிலத்தில் மட்டும் சப்டைட்டில். தமிழ் வசனத்தைப் படிக்கத் தமிழ் படித்த மதுரைக்காரருக்கு ஆங்கிலம் வேண்டும். அதிலும் கதவு தட்டப்படுகிறது, திரைக்கு வெளியே யாரோ அழுகிறார்கள் என்ற குறிப்புகள் பெரும்பாலும் இருப்பதில்லை. காது கேட்கிற வெளிமாநிலத்தவரை மனதில் வைத்து எழுதியது அது. (பிறவியிலேயே காது கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு எழுத்து ஈடாகாது. அவர்கள் கோரிக்கை தனி, அதுவும் நியாயமானது.)

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு ஊடகங்களில் சைகை மொழியும் வசன எழுத்தும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 42ஆம் பிரிவில் சொல்கிறது. தொலைக்காட்சிக்கு 2019இலும் திரையரங்குப் படங்களுக்கு 2024இலும் விதிமுறைகள் வந்தன. அமெரிக்காவில் 1990இல் சட்டம் போட்டு, 1993 முதல் விற்கும் 13 அங்குலமும் அதற்கு மேலுமான டிவிகளில் சப்டைட்டில் சில்லைக் கட்டாயமாக்கினார்கள். இங்கே விதிமுறை தாளில் இருக்கிறது, ரிமோட்டில் வரவில்லை.

படத்தின் அழகு கெடும் என்கிற வாதத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான். கதாநாயகன் சிகரெட் பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் திரையின் அடியில் எச்சரிக்கை எழுத்து ஓடுகிறது. 2013இல் வுடி ஆலன் ஒருவர் அதற்காகத் தன் 'ப்ளூ ஜாஸ்மின்' படத்தை இந்தியாவுக்குத் தர மறுத்தார். நம் ரசிகர் யாரும் எழுந்து போகவில்லை. செலவு என்பது அடுத்த சாக்கு. ஆங்கில சப்டைட்டில் தயாரிக்கும்போதே எந்த வசனம் எந்த நொடியில் வருகிறது என்ற கணக்கு கையில் வந்துவிடுகிறது. தமிழ் வசனமோ படப்பிடிப்புக்கு முன்பே தாளில் இருக்கிறது. இரண்டையும் பொருத்த ஆகும் செலவை, நாயகனின் ஒரு நாள் கேரவன் வாடகைக்குப் பக்கத்தில் எழுதி யாராவது ஒரு தயாரிப்பாளர் வெளியிடட்டும்.