யானைக்குத் தும்பிக்கை போன கதை

உங்கள் வீட்டுப் பரண் மேல் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கிறதா? அதில் அம்மாவோ பாட்டியோ எழுதிய கடிதங்கள் கிடக்கின்றனவா? அப்படியானால் இந்த வாரச் சமாசாரம் உங்களுக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, நெய்வேலியில் என் பிள்ளையின் குவார்ட்டர்ஸில், அப்படி ஒரு பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஒத்தாசைக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. 1966-ல் நான் புதுக் குடித்தனம் வந்திருந்தபோது என் அம்மா எழுதிய இன்லண்டு கடிதம் அவள் கையில் அகப்பட்டது. உரக்கப் படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"பாட்டி, 'சீமந்தத்துக்கு வர ஆசைதான். ரயிலுக்குப் பணமில்...' அப்புறம் ஏதோ தும்பிக்கை மாதிரி இருக்கே!"

"அது 'லை' அம்மா. பணமில்லை."

சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வரியைப் படித்த பிறகும், வரவில்லையே என்று கோபித்துக்கொண்டு மாதக் கணக்கில் பதில் போடாமல் இருந்தவள் நான்!

குழந்தையைக் குற்றம் சொல்லலாமா? அவள் பாடப் புத்தகத்தில் அந்த எழுத்து கிடையாது. அந்தக் காலத்தில் ணை, லை, ளை, னை நான்கிலும் எழுத்தின் முன்புறம் தும்பிக்கை போல ஒரு வளைவு ஒட்டியிருக்கும். 'யானை' என்று எழுதினால் எழுத்திலேயே தும்பிக்கை தெரியும்! ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது. எழுத்தின் கடைசிக் கோடே வளைந்து சுழித்துக்கொள்ளும். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகியவற்றிலும் அதே சுழிதான். ஆக மொத்தம் 13 எழுத்துக்கள்.

அச்சுக் கோப்பவருக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது வீண் சிரமம் என்று, பெரியார் 1935-லேயே தமது 'குடி அரசு' பத்திரிகையில் எழுத்துக்களை மாற்றி அச்சிட்டார். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது 1978 அக்டோபரில் அது அரசாங்க உத்தரவாயிற்று. யானை அன்று தும்பிக்கையை இழந்தது.

எழுத்து மாறுவது புதிதல்ல. எங்கள் விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பம் என்று ஓர் ஊர். அங்கே மாதா கோயில் கட்டிய வீரமாமுனிவர், 18-ஆம் நூற்றாண்டில் எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தவர். அதற்கு முன் குறில் எகரத்துக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். ஓலை கிழிந்துவிடுமே என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்புறம் குறில் எது, நெடில் எது? அவர்தான் நெடிலுக்கென்று 'ஏ'யும் இரட்டைச் சுழிக் கொம்பும் கொடுத்தார்.

இங்கிலீஷ்காரர்கள் கதை இன்னும் வேடிக்கை. அவர்களுக்கு 'தார்ன்' என்று ஓர் எழுத்து இருந்தது. அச்சுக்கூடத்தில் அது இல்லாததால், ஜாடை ஒத்திருந்த 'ஒய்' எழுத்தைப் போட்டு ஒப்பேற்றினார்கள். அதனால் பழைய பாணிக் கடைப் பலகைகளில் 'தி' என்ற சொல்லை இன்றும் 'யீ' என்று படிக்கிறவர்கள் உண்டு! வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் எழுத்துக்கு இந்தக் கதிதான்.

புது எழுத்து சுலபம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் பழசைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று பாட்டிகளாகிவிட்டோம். நாமும் போய்விட்டால், பெட்டியில் உள்ள கடிதமும், கைப்பட எழுதிய சமையல் குறிப்பும், பேரப் பிள்ளைகளிடம் பாதி வாயைத்தான் திறக்கும்.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். ஓர் அட்டையில் அந்த 13 எழுத்துக்களையும் எழுதி, எதிரே புதிய எழுத்தையும் எழுதுங்கள். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி என்று அடியில் குறித்து, பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். அப்புறம் பேத்தியைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். ஒரு பிற்பகல் போதும்.

எங்கள் வீட்டில் விளக்கு வைப்பதற்குள் பாடம் முடிந்துவிட்டது. கடிதத்தின் கடைசி வரியில் ஒரு றாவும் ஒரு னாவும் இருந்தன. இரண்டிலும் தடுக்காமல் அவளே படித்தாள்:

"எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் போதும்."