எமுலேட்டரில் படிச்சா போதுமா?

சிசிஐஈ லேப் தேர்வுன்னாலே வீட்டுல ஒரு ராக் நிறைய ரூட்டர் வேணும்னு சிலர் இன்னும் பயமுறுத்துறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

பாக்கெட் டிரேசர் ஒரு சிமுலேட்டர். அதுல எழுதி வெச்ச கமாண்டுக்கு மட்டும்தான் பதில் வரும். 2005-ல கிறிஸ்தோஃப் ஃபில்லோ ஆரம்பிச்ச டைனமிப்ஸ் அப்படி இல்லை. சிஸ்கோ 7200 ரூட்டரோட ஹார்ட்வேரையே கம்ப்யூட்டர்ல உருவாக்கி, அசல் ஐஓஎஸ்ஸை ஓட்டும். அதை மவுஸால இழுத்துப் போட்டுப் பழக வழி செஞ்சது ஜிஎன்எஸ்3.

குறை இல்லாம இல்லை. கேட்டலிஸ்ட் சுவிட்சுகளோட ஏசிக் சிப்பை டைனமிப்ஸால காட்ட முடியாது. ஐஓஎஸ் இமேஜை நாமதான் முறையா வாங்கணும். சிஸ்கோவோட சிஎம்எல்-ல இமேஜ் கூடவே வரும்.

ஆனா பெரிய குறை நம்மகிட்டதான். எங்கிருந்தோ கான்ஃபிகரேஷனை காப்பி பண்ணி ஒட்டறோம், பிங் போனதும் மூடிடறோம். அது படிப்பு இல்லைங்க, டைப்பிங்.

ஒரு நண்பரை விட்டு ஒரு பக்கம் எம்டியூவை மட்டும் மாத்தச் சொல்லுங்க. சாதாரண பிங் போகும், ஹலோவும் போகும். ஓஎஸ்பிஎஃப் மட்டும் எக்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் நிலையைத் தாண்டாது. 'ஷோ ரன்' பார்க்காம காரணத்தைக் கண்டுபிடிங்க. எனக்கு முதல் தடவை ஒரு சாயங்காலமே போச்சு. எட்டு மணி நேரத் தேர்வுல அந்த நேரம் கிடைக்காது.

எமுலேட்டர் போதும். அதை உடைச்சுப் பார்க்கிற தைரியம்தான் வேணும். நீங்க என்ன சொல்றீங்க?