கட்டடச் சட்டமும் படிக்கலாம்



காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்டத் தடை. அதற்கடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் இப்படிச் சொல்கிறது. தறி போட இடம் போதாமல் மாடி எழுப்ப நினைப்பவர்கள், மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவிக்கிறார்கள். புறநகரில் அடுக்குமாடி வீடு வாங்குவோரும், கட்டுமானக் குறையை 5 ஆண்டு வரை கட்டுநரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) சொல்வதை அறிவதில்லை.

இவர்களுக்கு வழிகாட்டக் கட்டடச் சட்டம் தெரிந்த வக்கீல்கள் தேவை. சிவில் இன்ஜினீயரிங் முடித்து வேலை தேடும் இளைஞர்களுக்கு இங்கே நல்ல வாய்ப்பிருக்கிறது. பட்டதாரிகள் 3 ஆண்டு எல்எல்.பி. படிக்கலாம், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 5 ஆண்டுப் படிப்பு. பக்கத்தில் செங்கல்பட்டிலேயே அரசு சட்டக் கல்லூரி உண்டு. வரைபடமும், வேலை அளவுகளைப் பதியும் எம்-புக்கும் படிக்கத் தெரிந்த வக்கீல், ஒப்பந்தச் சட்டத்தையும் 1996-ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தையும் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளையும் கரைத்துக் குடித்துவிட்டால், கட்சிக்காரர்கள் தேடி வருவார்கள்.

இம்மாவட்டப் பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவர்களுக்கு இதுபற்றி வழிகாட்டல் வகுப்புகள் நடத்த வேண்டும்.

- வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்