எல்லா மலைக்கும் ஒரே ரகமா?

இலங்கையின் மேல்நாட்டில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மறுநடுகைப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வரும். பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, அதிகம் விளையும் வீ.பி. ரகம் ஒன்றை எல்லா மலையிலும் நட்டால் கொழுந்து தானாகக் கூடிவிடும். அதன் பிறகும் நிறை குறைந்தால், குறை கொழுந்து எடுப்பவர்களின் கையில்தான் என்பார்கள். இந்த வாதத்தின் முதல் பாதி அரைகுறை உண்மை. இரண்டாம் பாதி அநியாயம்.

வெட்டுத்துண்டிலிருந்து வளரும் வீ.பி. தேயிலை, விதைத் தேயிலையைவிடச் சராசரியாக அதிகம் தருகிறது. அதில் சந்தேகமில்லை. ஆனால் கொழுந்து எடுப்பவர் சராசரியில் நிற்பதில்லை, ஒரு குறிப்பிட்ட மலையில் நிற்கிறார்.

"அதிக விளைச்சல் என்பது ரகத்தின் குணம்" என்பது முதல் வாதம். அது பாதிக் கணக்கு. 1963இல் ஃபின்லே, வில்கின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 277 பார்லி ரகங்களைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் வெவ்வேறு இடங்களிலும் பருவங்களிலும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். செழிப்பான இடத்தில் துள்ளி உயர்ந்த சில ரகங்கள் வறண்ட இடத்தில் சரிந்தன. வேறு சில எங்கும் உச்சம் தொடவில்லை, எங்கும் பெரிதாகச் சரியவுமில்லை. விளைச்சலை ரகமும் இடமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது அன்று முதல் பயிர் ஆய்வின் அரிச்சுவடி.

"கீழ்நாட்டில் இரத்தினபுரியிலும் காலியிலும் சிறுதோட்டக்காரர்கள் வீ.பி. நட்டு அள்ளுகிறார்களே, மேல்நாட்டில் ஏன் முடியாது?" என்பது அடுத்த கேள்வி. விடை வெப்பத்தில் இருக்கிறது. சுமார் 12, 13 பாகை செல்சியஸுக்குக் கீழே தேயிலைத் துளிர் நீள்வது ஏறக்குறைய நின்றுவிடும். இரத்தினபுரியின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 27 பாகை, நுவரெலியாவினது 16 தான். வட்டகொடை நுவரெலியாவைவிடத் தாழ்வு என்றாலும், 1,200 மீற்றருக்கு மேலே உள்ள மேல்நாட்டுத் தேயிலை நிலம்தான். அங்கே அடுத்த கொழுந்து வரக் கூடுதல் நாள் பிடிக்கும். கீழ்நாட்டு நிறையை மேல்நாட்டுக் கூடையில் எதிர்பார்ப்பது, குளிரின் வேலையை ஆட்களின் தலையில் சுமத்துவதாகும்.

"ஒரே குடும்பத்து ரகங்கள் ஒரே மாதிரி நடக்கும்" என்ற நம்பிக்கையும் தவறு. தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2023, டி.ஆர்.ஐ. 2025 இரண்டும் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்ச்செடியின் வழிவந்தவை. வறட்சி வந்தால் 2025 தாக்குப்பிடிக்கும், 2023 வாடும். வெட்டுத்துண்டுச் செடிக்கு விதைச் செடிபோல ஆழமான ஆணிவேர் இல்லாததால், மண் ஆழமற்ற மேட்டுத் தொங்கல்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகும். வறட்சியின் அடி எவ்வளவு பெரிது என்பதை 1992 காட்டியது. முந்தைய ஆண்டு சுமார் 24 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, அந்த ஆண்டு 18 கோடிக்கும் கீழே இறங்கியது.

மழையும் இதே பாடத்தைத் திருப்பிச் சொல்கிறது. தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்குள் வந்தது. தென்மேற்குப் பருவத்தில் நாள்கணக்கில் மூடுபனியும் ஈர இலையுமாகக் கிடக்கும் மலைகள் அதற்கு உவப்பான இடம். அதே மாதங்களில் ஊவாப் பக்கம் கச்சான் காற்றில் காய்ந்துகொண்டிருக்கும். இந்த நோய்க்கு டி.ஆர்.ஐ. 2023 எளிதில் ஆளாகும், டி.ஆர்.ஐ. 2043 எதிர்த்து நிற்கும். ஊவாவின் பதுளையில் ஒரு ரகம் பெற்ற நற்பெயரை நம்பி வட்டகொடையின் நனைந்த பள்ளத்தில் அதை நடுவது எவ்வளவு பெரிய சூதாட்டம்!

"நல்ல ரகம் இருந்தால் மற்றது தன்னால் வரும்" என்பவர்களுக்கு 2021 விடை சொல்லிவிட்டது. அந்த ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பசளைத் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து, 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் 25 கோடியாகக் குறைந்தது. இலையோடு மண்ணிலிருந்து வெளியேறும் சத்தைத் திருப்பிப் போடாவிட்டால், அதிகம் விளையும் ரகம்தான் முதலில் இளைக்கும். பசளையைக் குறைத்துக்கொண்டு ரகத்தின் உச்ச எண்ணைக் கேட்பதில் நியாயமில்லை.

இந்தப் பிழையான கணக்கு கடைசியில் கொழுந்து எடுப்பவர்களின் கூலியில் வந்து விழுகிறது. நாளுக்கு இத்தனை கிலோ என்று வைத்து, குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி) போடுகிற இடத்தில், எந்த மலையில் எந்த ரகம், கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம், பசளை எப்போது போட்டது என்று யார் கேட்கிறார்கள்? காற்று அறையும் மேட்டில் நாள் முழுக்க நின்ற பெண்ணும், ஈரமும் மண்ணும் நிறைந்த பள்ளத்தில் நின்ற பெண்ணும் ஒரே எண்ணால் அளக்கப்படுகிறார்கள்.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆராய்ச்சி நிலையம் இருக்கும் தலவாக்கலை, வட்டகொடைக்கு ரயிலில் அடுத்த நிலையம். பசறை, ஹந்தானை, இரத்தினபுரி, தெனியாய என்று வெவ்வேறு சூழல்களில் அந்த ஆராய்ச்சி நிலையம் கிளைகள் வைத்திருப்பதே, ஓரிடத்து முடிவு இன்னோரிடத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதால்தான். நட்ட தேயிலை பல பத்தாண்டு மண்ணில் நிற்கும்; இன்றைய தவறான தேர்வை இன்னும் பிறக்காத பிள்ளைகளும் சுமப்பார்கள். ஆகவே நாற்றுத் தவறணையில் ஒரே ரகத்தை நிரப்பாமல் மேட்டுக்கு ஒன்று, ஈரப் பள்ளத்துக்கு வேறொன்று என்று பிரித்து நடவேண்டும். மலைவாரியாக நிறை, மழை, பசளை மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவைத் தொழிற்சங்கமும் பார்க்கக் கொடுத்து, நாள் கிலோவை மலைக்கு மலை தனித்தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும்.