ஆட்சி மாற்றமும் குடும்ப வன்முறைச் சட்டமும்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, இரண்டு மத்திய ஆட்சிகளின் காலத்தில் உருவானது. முதல் மசோதாவை வாஜ்பாய் அரசு 2002-ல் மக்களவையில் வைத்தது. தாக்குதல் வழக்கமாக நடந்தால்தான் வன்முறையாகும் என்றது அந்த வரைவு. தன்னையோ சொத்தையோ காத்துக்கொள்ளவே அப்படி நடந்ததாக எதிர்மனுதாரர் காட்டினால் அவருக்கு விலக்கும் கிடைக்கும். வீட்டில் குடியிருக்கும் உரிமை பற்றிப் பேச்சே இல்லை. மகளிர் அமைப்புகள் இதை எதிர்த்தன. 2004-ல் மக்களவை கலைக்கப்பட்டதும் மசோதா காலாவதியானது.

அடுத்து வந்த மன்மோகன் சிங் அரசு, குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் இச்சட்டத்துக்கு வாக்குறுதி தந்திருந்தது. 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தில் பழைய விலக்கு இல்லை. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என நான்கு வகைக் கொடுமைகளையும் 3-ஆம் பிரிவு வரையறுத்தது. பகிர்ந்து வாழும் இல்லத்தில் குடியிருக்கும் உரிமையை 17-ஆம் பிரிவு தந்தது.

2014-ல் ஆட்சி மாறிய பின்னும் இந்த அடிப்படைப் பிரிவுகள் அப்படியே நீடிக்கின்றன. அவற்றின் எல்லையை மாற்றியது உச்ச நீதிமன்றம். எதிர்மனுதாரர் வயது வந்த ஆணாகவே இருக்க வேண்டும் என்ற வரம்பை 2016-ல் நீக்கியது. மாமனார் அல்லது மாமியார் பெயரில் உள்ள வீடும் பகிர்ந்து வாழும் இல்லமாகலாம் என்று 2020-ல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டமும், மனைவிக்குக் கணவரோ அவரது உறவினரோ இழைக்கும் கொடுமை பற்றிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498-அ பிரிவின் சாரத்தை 85, 86 பிரிவுகளில் தக்கவைத்தது. மனைவி மீதான வன்புணர்வுக்கு இருந்த விதிவிலக்கும் அதில் தொடர்கிறது.

தமிழ்நாட்டிலும் இதே போக்குதான். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த 1989-ஆம் ஆண்டு திமுக அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அதிமுக ஆட்சியிலும் நீடித்தது. 1992-ல் ஜெயலலிதா அரசு தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் திமுக ஆட்சியிலும் தொடர்ந்தன.

ஆக, வரைவு நிலையில்தான் ஆட்சி மாற்றம் சட்டத்தின் வாசகத்தைப் பெரிதும் பாதிக்கிறது. சட்டம் வந்தபின் ஆட்சி மாற்றத்தின் பாதிப்பு நடைமுறையில் தெரிகிறது. பாதுகாப்பு அலுவலர்களை நியமிப்பதும், காப்பகங்களை அறிவிப்பதும், நிதி ஒதுக்குவதும் மாநில அரசின் கையில் உள்ளன. வேறு பணியில் இருப்பவருக்குப் பாதுகாப்பு அலுவலர் பணி கூடுதல் பொறுப்பாகத் தரப்பட்டால், அவர் நடுவருக்குத் தர வேண்டிய குடும்ப நிகழ்வு அறிக்கை தாமதமாகும். 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்ற 12-ஆம் பிரிவும் ஏட்டளவில் நிற்கும். பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க மாநிலங்களுக்கு 2025-லும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.