கொதிக்க வைத்தாலும் போகாது!

குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தால் என்ன செய்வீர்கள்? கொதிக்க வைப்பீர்கள். பாட்டி காலத்து வைத்தியம்.

2014 ஆகஸ்ட் 2-ம் தேதி, அமெரிக்காவின் டொலிடோ நகர மக்களுக்கு விடிவதற்குள் ஒரு எச்சரிக்கை வந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்கவும் வைக்க வேண்டாம். கொதித்தால் தண்ணீர் ஆவியாகும், விஷம் ஆவியாகாது! நாலு லட்சம் பேருக்கும் மேல், மூன்று நாள் தவிப்பு. கடைகளில் பாட்டில் தண்ணீர் காலி. இத்தனைக்கும் ஊரை ஒட்டியே கடல் மாதிரி ஈரி ஏரி!

யார் விஷம் வைத்தது? நீலப்பச்சைப் பாசி. அதற்குச் சோறு போட்டது யார்? வயல்தான். பயிர் எடுத்தது போக மிஞ்சிய மணிச்சத்து, மழையோடு வழிந்து மாமி ஆற்றில் இறங்கி ஏரிக்குப் போகிறது. நெல்லை வளர்க்கிற சத்து பாசியை மட்டும் வளர்க்காதா?

1972-ல் வந்த அவர்களது தூய நீர்ச் சட்டம், ஆலைக் கழிவுக் குழாயைக் கப்பென்று பிடிக்கும். வயலிலிருந்து மழையில் வழிவதைக் கண்டுகொள்ளாது.

உடனே, “விவசாயியைப் பிடிச்சு உள்ளே போடுங்க” என்று கிளம்பிவிடாதீர்கள். அதே நாட்டில் நியூயார்க் வேறு கணக்குப் போட்டது. மலைப்பக்கத்து நீர்த்தேக்கங்களின் தண்ணீரை வடிகட்ட ஆலை கட்டினால் பல நூறு கோடி டாலர். அதில் ஒரு பங்கை மேட்டில் இருக்கிற பண்ணைக்காரர்களுக்குச் செலவழித்தால்? சாணம் ஓடையில் கலக்காமல் தேக்கிவைக்க, கரையோரம் வேலி போட, நகரமே காசு கொடுத்தது. 1997-ல் ஒப்பந்தம். அந்த மலைத் தண்ணீர் இன்றும் வடிகட்டும் ஆலை இல்லாமலேயே ஊருக்கு வருகிறது. காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன், இதைவிட லாபக் கணக்கு கிடையாது.

நம் கதைக்கு வருவோம். 2004-லிருந்து சென்னை, வீராணம் தண்ணீர் குடிக்கிறது. சுற்றிலும் வயல். மழைக்காலத்தில் அந்த வயல்களின் தண்ணீர் எங்கே போகும் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? உர மானியத்துக்கு மத்திய அரசு வருடத்துக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கொடுக்கிறது. மூட்டை வாங்கினால் மானியம். அளவாகப் போட்டு மிச்சம் பிடித்தவருக்கு? ஒரு கைதட்டல்கூடக் கிடையாது.

ஊர்ச் சாக்கடையும் ஏரியைக் கெடுக்கிறது, மறுக்கவில்லை. அதற்காக இதை விட்டுவிட முடியுமா? மண்ணைச் சோதித்து அளவோடு உரம் போடுகிறவருக்கும், ஓடைக்கரையில் நாலடி புல் விடுகிறவருக்கும் பணம் கொடுங்கள். அதைத் தண்ணீர் வரியிலிருந்தே கொடுங்கள்.

“நான் ஏன் சார் கொடுக்கணும்?” என்கிறீர்களா? குடிக்கிறது நீங்கதானே!