போரில் சாகாத மொழி

பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவத்தில் ரோமானிய வரலாறு படிக்கிறேன். சாம்னியர்களைப் பற்றிய கட்டுரையில், ‘ரோமானியப் படை அவர்களை வென்றது, அவர்களின் மொழியும் அழிந்தது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த வரி தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

சாம்னியர்கள் இத்தாலியின் அப்பெனைன் மலைத்தொடரில் வாழ்ந்தவர்கள். மலையுச்சிகளில் பெரிய பாறைகளை அடுக்கிக் கோட்டைச் சுவர்கள் எழுப்பினார்கள். அவர்கள் பேசியது ஆஸ்கன் மொழி. கி.மு. 343க்கும் 290க்கும் இடையில் ரோமுடன் மூன்று போர்கள் நடந்தன. கி.மு. 321இல் ஒரு ரோமானியப் படையையே மலைக் கணவாயில் மடக்கி, நுகத்தடிக்குக் கீழே குனிந்து போக வைத்தார்கள். ஆனாலும் இறுதியில் தோற்றார்கள்.

மொழி அப்போது சாகவில்லை. ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, கி.மு. 91இல் இத்தாலிய மக்கள் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தபோது, ரோமின் ஓநாயைக் காளை முட்டுவது போன்ற நாணயங்களை ஆஸ்கன் எழுத்துடன் வெளியிட்டார்கள்.

குடியுரிமை மறுக்கப்பட்டதே அந்தக் கிளர்ச்சிக்கு முக்கியக் காரணம். கி.மு. 90 முதல் ரோம் அதை வழங்கத் தொடங்கியது. கி.மு. 82இல் சுல்லா ஆயிரக்கணக்கான சாம்னியக் கைதிகளைக் கொன்ற கொடுமையை நான் மறக்கவில்லை. ஆனால் மிஞ்சியவர்களுக்குப் பதவி, படை, வழக்கு எல்லாவற்றுக்கும் லத்தீன் தேவைப்பட்டது. அதன் பிறகுதான் ஆஸ்கன் மெல்ல மறைந்தது.

இதற்கு முன்னோட்டம் போல ஒரு சம்பவம் உண்டு. ஆஸ்கன் பேசிய கடலோர நகரமான கூமே, கி.மு. 180இல் ரோமிடம் ஓர் அனுமதி கேட்டது. பொது அலுவல்களில் லத்தீன் பேச வேண்டும். ஏலம் விடுபவர்களும் லத்தீனில் கூவ வேண்டும். ரோம் கட்டாயப்படுத்தவில்லை. ஊர் மக்களே கேட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருள் விற்க வேண்டும், பிள்ளைகள் முன்னேற வேண்டும். இரு மொழிகளில் படித்த எனக்கு அந்தக் கணக்கு புரிகிறது. சந்தைக்கு லத்தீன் வந்ததில் தவறில்லை. வீட்டுக்குள்ளும் அது மட்டுமே போதும் என்று ஆனதுதான் ஆஸ்கனை முடித்தது என்பது என் கருத்து.

நானும் என் தம்பியிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன். கட்டுரையைத் திருத்திவிட்டேன். இந்தப் பழக்கத்தைத் திருத்துவதுதான் பாக்கி.